பால் குடிக்கையில் வியர்க்கும் குழந்தை

மூன்று மாதக் கைக்குழந்தை. பால் குடிக்கத் தொடங்கிய இரண்டு நிமிடத்தில் வீரிட்டு அழும், முகம் வெளுக்கும், நெற்றி வியர்த்துக் கொட்டும். உரம் விழுந்திருக்கும் என்று எடுத்துப் பார்த்தார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். என்னிடம் வந்தபோது எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாக வீங்கியிருந்தது. முன்பு பார்த்த இடத்துச் சீட்டில் 'இதயத் தசை பலவீனம்' என்று இருந்தது.

சரி, பலவீனம்தான். எதனால்?

இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் இடது கரோனரிக் குழாய் மகாதமனியிலிருந்து, அதாவது இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயிலிருந்து, கிளம்ப வேண்டும். இந்தக் குழந்தைக்கு அது நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பியிருந்தது. 'அல்காபா' என்று சொல்வோம். சுமார் 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும்.

பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தான் என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். உண்மைதான். கருவறையில் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம், அதனால் அந்தக் குழாய்க்குள் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். பிறந்த சில வாரங்களில் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் ஓட்டமே திரும்பிவிடும்: வலது கரோனரியிலிருந்து கிளைகள் வழியாக வரும் ரத்தமும் தசைக்குப் போகாமல் நுரையீரல் தமனிக்குள் வழிந்துவிடும். பெரியவர்களுக்கு வருகிற மாரடைப்பு இங்கே மூன்று மாதத்திலேயே வருகிறது. நமக்கு மாடி ஏறுவது எப்படியோ, கைக்குழந்தைக்குப் பால் குடிப்பது அப்படி. அந்த நேரத்தில்தான் நெஞ்சு வலிக்கிறது, சொல்லத் தெரியாமல் அழுகிறது. 1933இல் பாஸ்டனில் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் பதிவு செய்த மூன்று மாதக் குழந்தையும் பால் குடிக்கும்போதுதான் இப்படித் துடித்தது.

சக மருத்துவர்களுக்கு: இதயம் வீங்கிய கைக்குழந்தைக்கு இசிஜி எடுக்காமல் விடாதீர்கள். முதல் லீடிலும் ஏவிஎல்லிலும் ஆழமான க்யூ அலை இருந்தால் சந்தேகப்படுங்கள். எக்கோவில் (இதய ஸ்கேனில்) இடது கரோனரி கிளம்பும் இடத்தைக் கண்ணால் பார்க்கும்வரை 'தசை நோய்' என்று முடிவு கட்டாதீர்கள். தசை நோய்க்கு மருந்து கொடுத்துக் காத்திருப்போம். இதற்குக் காத்திருக்க முடியாது. அறுவை செய்யாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. குழாயை எடுத்து மகாதமனியில் பொருத்திவிட்டால், செத்துவிட்டதாகத் தோன்றும் தசைகூடப் பல மாதங்களில் மெல்லத் தேறும்.

பெற்றோருக்கு ஒன்று. பால் குடிக்கும்போது அழுது, வெளுத்து, வியர்த்தால் அதைப் போனில் வீடியோ எடுத்து, அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் அறைக்குள் வரும்போது குழந்தை அமைதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.