போன் கெடாது, ஆச்சி, போன்தான் கெடுக்கும்

"தம்பி, ஸ்வால்பார்டுக்குக் கப்பல்ல போயிட்டு வந்தோம். நீ-ஓலசுண்ட்ல இறங்குறதுக்கு முன்னாடியே போனை ஃப்ளைட் மோடுல போடச் சொல்லிட்டாங்க. வைஃபை, புளூடூத்தும் கூடாதாம். துருவத்துக் காந்தம் போனைக் கெடுத்துரும்னு எங்க செட்டியார் சொல்றாக. நெசமா?" என்று தேவகோட்டை ஆச்சி ஒருவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

காந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நீ-ஓலசுண்ட், வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள நார்வேயின் ஆய்வுக் கிராமம். வட அட்சம் 79 டிகிரியை ஒட்டி இருக்கிறது. முன்பு நிலக்கரிச் சுரங்க ஊர். 1962 விபத்தில் 21 பேர் இறந்த பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். 1926-இல் துருவப் பயணி அமுன்ட்செனின் குழு வான்கப்பலைக் கட்டிவைத்த கம்பம் இன்னும் நிற்கிறது. நம் நாட்டின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கே இயங்குகிறது. இதெல்லாம் கப்பல் வழிகாட்டியே சொல்லியிருப்பார். அங்குள்ள வானலை (ரேடியோ) தொலைநோக்கிகளைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

அந்தத் தொலைநோக்கிகள் குவாசர்களைக் கேட்கின்றன. குவாசர் என்பது தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் மிகப் பிரகாசமான நடுப்பகுதி. பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பதால், நம் பார்வைக்குக் குவாசர்கள் அசைவதே இல்லை. அங்கிருந்து வரும் வானலையில் செய்தியும் இல்லை, ஒழுங்கும் இல்லை, வெறும் இரைச்சல். எனக்குப் பிடித்ததே அதுதான். அதே இரைச்சலை ஜெர்மனியின் வெட்செல்லில் உள்ள தொலைநோக்கியும் பதிவு செய்கிறது. இரண்டுக்கும் இடையே 3,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆகவே ஓரிடத்துக்கு அலை கொஞ்சம் முந்தி வரும். அதிகபட்சம் நொடியில் நூறில் ஒரு பங்கு. இரு இடத்திலும் ஹைட்ரஜன் மேசர் என்ற மிகத் துல்லியமான அணுக்கடிகாரம் நேரம் குறிக்கிறது. பிறகு இரண்டு பதிவுகளையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நகர்த்துகிறார்கள். நகர்த்த நகர்த்த ஒன்றும் பொருந்தாது. சரியான ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு இரைச்சலும் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு நகர்த்தினோமோ அதுதான் காலதாமதம். ஒளி ஒரு நானோநொடியில் போவது 30 சென்டிமீட்டர். தாமதத்தை அதைவிட நுட்பமாக அளந்து, பல குவாசர்களை மாற்றி மாற்றிக் கேட்டால், இரு ஊர்களின் இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் கிடைத்துவிடும்!

பனி உருகிப் பாரம் குறைவதால் ஸ்வால்பார்டு தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழும்புவதும் இப்படித் தெரியவருகிறது. பூமி சுழலும் வேகத்தின் சின்னத் தடுமாற்றமும் இதில் அகப்படும். நிலநடுக்கோட்டில் தரை ஒரு மில்லிநொடிக்கு 46 சென்டிமீட்டர் நகர்கிறது. அந்தக் கணக்கு பிசகினால் காரைக்குடி ஆட்டோக்காரரின் ஜிபிஎஸ்ஸும் பிசகும். பஞ்சாங்கத்தில் வாக்கியமா திருக்கணிதமா என்று இன்னும் மல்லுக்கு நிற்கிறோமே, பூமியே பழைய வாய்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. அவ்வப்போது அண்ணாந்து பார்த்துத் திருத்துவதே முறை என்பது என் கட்சி.

இப்போது புளூடூத்துக்கு வருவோம். குவாசர் அலை அவ்வளவு மெலிது. நிலாவில் ஒரு செல்போனை வைத்துப் பேசினால், இங்குள்ள தொலைநோக்கிக்கு அது பல குவாசர்களைவிடப் பிரகாசமாகத் தெரியும். புளூடூத்தும் வைஃபையும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ், இவர்கள் கேட்கும் அலைவரிசைக்குள்ளேயே வருகிறது. முகப்பில் நாதஸ்வரமும் தவிலும் முழங்க, இரண்டாங்கட்டில் எறும்பு ஊரும் சத்தத்தைக் கேள் என்றால் எப்படி? மெலிந்த அலையைப் பெரிதாக்க, தொலைநோக்கியில் உறைகுளிரில் வைத்த பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) திணறிப்போகும். இரு பதிவும் பொருந்தும் இடம் போன் இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால்தான் சுற்றிலும் 20 கிலோமீட்டர் தூரத்துக்கு, 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை வானலை மௌனம்.

"துருவத்துல நமக்கென்ன வேலை, காசுக்குப் பிடிச்ச கேடு" என்று சிலர் கேட்பதுண்டு. 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துக் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த அழகப்பச் செட்டியார் பிறந்த மண்ணில் அப்படிக் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. உடனே வட்டி வராத முதலும் முதல்தான்.

அடுத்த கோடையில் போகிறவர்களுக்கு ஒன்று: ஃப்ளைட் மோடு போட்டாலும் பல போன்களில் புளூடூத் அணையாது. தனியாகப் போய் அணைக்க வேண்டும். கைக்கடிகாரம், இயர்பட்ஸ், காது மிஷின் எல்லாவற்றையும் கப்பலிலேயே பார்த்துவிடுங்கள்.