வாசிப்ப மட்டும் காப்பி அடிக்க முடியாதா?

சார்லி பார்க்கர்னு ஒரு அமெரிக்க சாக்ஸபோன்காரர், 1940கள்ல பீபாப்னு ஒரு புது ஜாஸ் பாணிய கொண்டுவந்து ஜாஸையே பொரட்டிப் போட்ட ஆளு, ஆனா ஹெராயினுக்கு அடிமை, அது ஊருக்கே தெரியும். அவர மாதிரி வாசிக்கணும்னு கெளம்புன சின்னப் பசங்க நெறைய பேர் அந்த ஊசியையும் சேத்தே எடுத்துக்கிட்டாங்க. கேட்டா லூசுத்தனமா இருக்கும், ஆனா மனுஷ மூளையே அப்படித்தாங்க.

2005ல வந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் செஞ்சது. ஒரு கண்ணாடி மாதிரி பெட்டி, உள்ள பரிசு, தெறக்குறதுக்கு முன்னாடி குச்சிய வச்சு சும்மா தேவையே இல்லாம மேல குத்திக் காட்டுறாங்க. சிம்பன்சிக்கு அது வேஸ்ட்டுன்னு புரிஞ்சு அத விட்டுட்டு நேரா பரிச எடுத்துருச்சு, நம்ம 3, 4 வயசு வாண்டுங்க மட்டும் அந்தக் குத்தலையும் விடாம செஞ்சுச்சுங்க. இதுக்கு மிகைப் போலச்செய்தல்னு சொல்லலாம். பெரியவங்க செய்றாங்கன்னா ஏதோ காரணம் இருக்கும், எது தேவைன்னு அப்புறம் பாத்துக்கலாம்னு மொத்தமா அள்ளிக்கிறது. சமைக்க, நெய்ய, வாசிக்கக் கத்துக்க இது ரொம்ப உதவும். பார்க்கரே 1937ல, லெஸ்டர் யங்னு இன்னொரு சாக்ஸபோன்காரரோட ரெக்கார்டுகள திரும்பத் திரும்பக் கேட்டு அப்படியே வாசிச்சுத்தான் தேறுனாரு.

சிக்கல் எங்கன்னா, ஸ்வரத்த தப்பா வாசிச்சா காது உடனே காட்டிக்குடுத்துரும், திருத்திக்கலாம். பழக்கத்துக்கு அந்த மாதிரி காது கெடையாது. ஹெராயின் இல்லாத இன்னொரு பார்க்கர் பக்கத்துல நின்னு வாசிச்சிருந்தா ஒப்பிட்டுப் பாத்திருக்கலாம், அப்படி யாரு இருந்தா?

சானி ராலின்ஸ்னு இன்னொரு சாக்ஸபோன்காரரும் அந்த ஹெராயின்ல மாட்டுனவர்தான். 1953ல ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட ஒரு ரெக்கார்டிங், பார்க்கரும் வந்திருக்காரு, "நான் இப்ப சுத்தமா இருக்கேன்"னு ராலின்ஸ் பொய் சொல்ல, அது பொய்னு தெரிஞ்சதும் பார்க்கர் மொகம் வாடிப்போன விதத்த ராலின்ஸால மறக்கவே முடியல. 1955ல அமெரிக்காவோட கென்டக்கி மாநிலத்துல, போதைய விட சிகிச்சை குடுத்த லெக்சிங்டன் ஆஸ்பத்திரில சேந்தாரு, வெளிய வந்து பார்க்கர்கிட்ட விட்டுட்டேன்னு சொல்லணும்னு ஆசை, ஆனா அந்த மார்ச்லயே பார்க்கர் 34 வயசுல போய்ச் சேந்துட்டாரு. போதை இல்லாம வாசிக்க வருமான்னு ராலின்ஸுக்கு ஒரே பயம் வேற. அடுத்த வருஷமே ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ ஆல்பத்த பதிவு பண்ணாரு.