'ஆதாரப்பூர்வமான' விளக்கம் எதற்கு? சான்றோடு எழுதட்டும்

"விசை மற்றும் இயக்கம் குறித்து ஆதாரப்பூர்வமான அறிவியல் விளக்கம் ஒன்றை எழுதுக." ஆசிரியர் பயிற்சிக் கையேடு, மாணவர் பயிற்சித் தாள், கண்காட்சிப் பலகை என்று எங்கே பார்த்தாலும் இந்த ஒரே வாக்கியம். ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைப் படித்துவிட்டு என்ன எழுதும்? "ஆதாரம்: நியூட்டனின் முதல் விதி" என்று எழுதும். இல்லையென்றால் "ஆதாரம்: அறிவியல் பாடநூல்" என்று பக்க எண்ணையும் சேர்த்துப் போடும். பிள்ளைமேல் தப்பே இல்லை. ஆதாரம் என்றால் தமிழில் அதுவும்தான்.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆதாரம் வடசொல், தாங்கி நிற்பது, பற்றுக்கோடு என்று பொருள். நீராதாரம், வாழ்வாதாரம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. சான்று என்பதைச் 'சால்' என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம்: நிறைதல், பொருந்துதல், போதுமாதல். சான்றோர், சால்பு அதே குடும்பம். "இந்திரனே சாலுங் கரி" என்கிறது குறள். அங்கே கரி என்றால் சாட்சி, சாலும் என்றால் போதும். இன்று கரி என்றால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும், ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிடுவோம். சாட்சி, கண்ணால் கண்ட ஆளைக் குறிக்கிற வடசொல். விசையை அளக்கும் சுருள்வில் தராசைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. மிஞ்சுவது சான்று.

வடசொல் என்பதற்காக ஆதாரத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. குழப்புகிறது என்பதுதான் என் வாதம். ஒரு முடிவைக் கீழிருந்து தாங்குகிற எல்லாமே ஆதாரம்: விதி, பாடநூல், ஆசிரியர் சொன்ன பேச்சு, அளந்த எண். அறிவியல் விளக்கம் எழுதப் பழக்கும்போது முதலில் பிரித்துக் காட்ட வேண்டியதே இவற்றைத்தான். விதி வேறு, அளவு வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டு, பிள்ளை பிரிக்கவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தால் எப்படி?

ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். 500 கிராம் மரக்கட்டை, ஒரு கொக்கி, ஒரு சுருள்வில் தராசு. சிமென்ட் தரையிலும் விரித்த சாக்கிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். பத்தமடைப் பாய் கிடைத்தால் அதில் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் இழுத்து, அளவு மாறுகிறதா என்றும் பார்க்கலாம். தரையில் 1.5, 1.4, 1.5 நியூட்டன், சாக்கில் 2.5, 2.6, 2.4 நியூட்டன் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். "சாக்கில் உராய்வு அதிகம்" என்பது கூற்று. அந்த ஆறு எண்களும், கட்டை ஒன்றே, இழுத்த விதமும் ஒன்றே என்ற குறிப்பும் சேர்ந்தது சான்று. "சாக்கு சொரசொரப்பானது" என்பது சான்றே இல்லை. அது ஊகித்த காரணம். பாதித் தாள்களில் சான்று என்ற இடத்தில் உட்கார்ந்திருப்பது இந்த சொரசொரப்புதான்.

இன்னொரு படியும் உண்டு. தராசு காட்டுவது இழுத்த விசையை, உராய்வை அல்ல. கட்டை சீரான வேகத்தில் நேராகப் போகிறது என்றால் அதன்மேல் நிகர விசை சுழி. ஆகவே இழுவிசையும் உராய்வும் சமம். ஆகவே தராசின் எண்ணை உராய்வு என்று படிக்கலாம். விதிக்கு இடம் இங்கேதான். இதை எழுதாத பிள்ளை எண்ணிலிருந்து கூற்றுக்கு ஒரே தாவாகத் தாவிவிடும்.

சான்று கெட்டுப்போகிற வழிகளையும் சொல்லித்தர வேண்டும். கட்டை நகரத் தொடங்கும் நொடியில் முள் உயரமாக ஏறி இறங்கும். அந்த உச்சம் நிலை உராய்வுக்கு உரியது, ஓடும்போது படித்த எண்ணோடு அதைக் கலக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே இழுத்தால் முடுக்கத்துக்கான விசையும் எண்ணில் சேர்ந்துவிடும். தராசை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டை தரையை அழுத்துவது குறையும், உராய்வும் குறையும். கிராமில் அளவிட்ட தராசானால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 1 நியூட்டன் என்று மாற்ற வேண்டும். இத்தனையும் 'ஆதாரப்பூர்வமான' என்ற ஒரு பெயரடைக்குள் அடங்கிவிடும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

நிரூபணம் என்பாரும் உண்டு. அது கணக்கு வகுப்புச் சொல். ஆறு எண்களை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. கூற்றுக்கு வலு சேர்க்கலாம், அவ்வளவுதான். "இதனால் நிரூபிக்கப்படுகிறது" என்று முடிகிற தாள், அடுத்த அளவு மாறி வந்தால் என்ன செய்யும்?

சான்று என்றாலும் பிள்ளைகளுக்குத் தாலுகா ஆபீஸ்தானே நினைவுக்கு வரும், சாதிச் சான்று, வருமானச் சான்று என்று வரிசையில் நிற்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முத்திரை வைத்த தாள்தான் சான்று என்று நினைக்கிற பிள்ளையும் உண்டு. முதல் சில வாரம் 'அளந்த சான்று', 'பார்த்த சான்று' என்று அடைகொடுத்துச் சொன்னால் தெளிந்துவிடும். ஆதாரத்தைச் சொன்னால் நினைவுக்கு வருவது ஆதார் அட்டை. அதற்கு என்ன அடைகொடுப்பது?

'பார்த்த சான்று' என்பதிலும் கவனம் வேண்டும். தென்காசிப் பேருந்து திடீரென்று பிரேக் போடுகிறது, நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள். "முன்னோக்கி ஒரு விசை தள்ளியது, சான்று: நான் சாய்ந்தேன்" என்று தாளுக்குத் தாள் வரும். சாய்ந்தது உண்மை. ஆனால் பேருந்தை வைத்துப் பார்க்கும்போது உடல் முன்னே போனது என்பதற்கு மட்டுமே அது சான்று. தள்ளிய விசைக்கு அல்ல. வேகம் குறைந்தது பேருந்துக்கு. காலைத் தரை பின்னே இழுக்கிறது, மேலுடம்பு நிலைமத்தால் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது.

நம் கேள்வித்தாள்கள் வளர்த்த பழக்கம் ஒன்றும் குறுக்கே நிற்கிறது. 'கூற்று – காரணம்' வினா. கூற்று சரி, காரணமும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது என்று குறித்துக் குறித்து, விளக்கம் என்றால் இரண்டே துண்டு என்று மனத்தில் பதிந்துவிட்டது. நடுவே சான்றுக்கு இடமே இல்லை. அதனால் கூற்று, சான்று இரண்டையும் இணைக்கிற மூன்றாம் படிக்குக் 'காரணம்' என்று பெயர் வைக்காதீர்கள். 'பொருத்திக் காட்டு' என்று வினையாகவே சொல்லுங்கள். தருக்கத்தைக் குறிக்கும் 'ஏரணம்' நல்ல சொல்தான், பன்னிரண்டு வயதுக்குக் கொஞ்சம் கனம்.

'பூர்வமான', 'அடிப்படையிலான' என்ற வால்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் 'evidence-based' என்று ஓர் ஒட்டு இருந்தால் தமிழிலும் ஒட்டியே தீர வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளருக்கு யார் சொன்னது? 'சான்றோடு' என்றால் தீர்ந்தது. பாடநூலில் பாடத்தின் பெயரே 'விசையும் இயக்கமும்' என்று அழகாக இருக்கிறது. பயிற்சித் தாளுக்கு வரும்போது அது 'விசை மற்றும் இயக்கம்' ஆகிவிடுகிறது. முடுக்கமா ஆர்முடுகலா, நிலைமமா சடத்துவமா என்று இங்கேயும் இலங்கையிலும் வேறு வேறாகச் சொல்வதால் யாருக்கும் கேடில்லை. எதைச் சொன்னாலும் அளக்கும் முறை ஒன்று. ஆதாரமா சான்றா என்பது அப்படியில்லை, பிள்ளை எதை எழுத வேண்டும் என்பதையே சொல் மாற்றிவிடுகிறது.

நெல்லைப் பக்கம் பேச்சில் இந்தக் கேள்வி எப்போதிருந்தோ இருக்கிறது: "எதை வச்சுலே சொல்லுத?" வகுப்பில் அப்படியே கேட்கலாம், இலக்கணக் குற்றம் ஒன்றும் வந்துவிடாது. தாளில் கேட்பதானால், "தரையிலும் சாக்கிலும் கட்டையை இழுத்துப் பார்த்து, எதில் உராய்வு அதிகம் என்று சான்றோடு எழுதுக. சான்று கூற்றுக்கு எப்படிப் பொருந்துகிறது என்றும் காட்டுக" என்று எழுதலாம். திருத்தும்போது, சான்று என்ற இடத்தில் நியூட்டன் விதியோ சொரசொரப்போ இருந்தால் 'தவறு' என்று சுழிக்க வேண்டாம். ஓரத்தில் "எவ்வளவு? எதில் அளந்தாய்? எத்தனை முறை?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.