பனல் வீட்டின் பலம் அதன் இணைப்புகளில்தான்

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் கடலுக்கும் வாவிக்கும் வயலுக்கும் நடுவே உள்ள குடியிருப்பு நிலம் நெருக்கமாக நிரம்பிவிட்டது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ஏறிய கட்டடப் பொருள்களின் விலையும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே, தொழிற்சாலையில் செய்த சுவர்ப்பலகைகளைக் கொண்டுவந்து பூட்டும் பனல் வீடுகளைப் பற்றி விசாரிக்கும் குடும்பங்கள் கூடிவருகின்றன. கட்டடப் பொறியியலாளரான என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சதுர அடிக்கு எவ்வளவு முடியும் என்பதையே முதலில் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், பனலும் பனலும் சேரும் இடத்தில் என்ன வைக்கிறார்கள், சுவரை அத்திவாரத்தோடு எதைக்கொண்டு பிணைக்கிறார்கள் என்று விற்பனையாளரிடம் கேட்டு வரும்படி நான் சொல்வதுண்டு.

நம் பகுதியில் வீட்டுக்குப் பொருந்தக்கூடிய பனல்கள் இரண்டு வகை. ஒன்று முழுக் கொங்கிறீற் பலகை. 3 மீற்றர் நீளமும் 2.4 மீற்றர் உயரமும் 100 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒரு பலகை ஏறத்தாழ 1,700 கிலோகிராம் இருக்கும்; கிரேன் நுழைய முடியாத ஒழுங்கையில் அது உதவாது. மற்றது, ரிஜிபோம் (பொலிஸ்ரைரின் நுரை) மணிகள் கலந்த சீமெந்தை இரு மெல்லிய சீமெந்துத் தகடுகளுக்கு நடுவே நிரப்பிய இலேசான பனல். 2 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட இதை இரண்டு மூன்று பேர் கையாலேயே தூக்கி நிறுத்தலாம் என்பதால், கல்முனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான இடங்களுக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன மனே, டொக்கு டொக்கெண்டு கேக்குது, கள்ளன் ஒரு உதையில உள்ளுக்கு வந்திருவானே” என்று ஒரு மூதாட்டி கேட்டார். சத்தம் வேறாக இருப்பது பொருள் இலேசானது என்பதால்தான். சரியாகச் செய்த பனல் ஓர் உதையில் உடைந்துவிடாது.

செலவைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பனலால் குறைவது சுவருக்கான செலவும், கட்டி முடிக்கும் காலமும், பூச்சு வேலையும் மட்டுமே. அத்திவாரம், கூரை, கதவு, யன்னல், மலசலகூடம், மின் இணைப்பு ஆகியவற்றின் செலவு புளொக்கல் வீட்டில் எவ்வளவோ இங்கும் ஏறத்தாழ அவ்வளவே. வீடு பாதி விலையில் முடியும் என்று ஒருவர் சொன்னால், எதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார் என்பதை விலைமதிப்பீட்டில் வரிவரியாகத் தேடிப் பாருங்கள்.

இனி இணைப்பு. மாரி மழைக்குப் பிறகு கல்லடிப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். சுவரின் உட்பக்கத்தில் சரியாக இரண்டு அடிக்கு ஒன்றாக, கூரைமட்டத்திலிருந்து நிலம்வரை ஈரக்கோடுகள் இறங்கியிருந்தன. பனலின் நடுப்பகுதியோ நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு கோட்டின்மேல் ஆணியால் சுரண்டியபோது மெல்லிய பூச்சு உதிர்ந்தது, அடியில் வலையும் இல்லை, பிசினும் இல்லை, வெறும் சீமெந்துச் சாந்துதான் இருந்தது. வெப்பமும் ஈரமும் ஏறும்போது பனல் விரியும், குளிரும்போதும் காயும்போதும் சுருங்கும். அந்த அசைவைத் தாங்காத வெறுஞ்சாந்து மயிரிழையாய் வெடிக்க, வாடைக்காற்று அடித்துவரும் மழை அந்த வெடிப்பின் வழியே உள்ளே நுழைகிறது. இணைப்பில் ஒட்டுச்சாந்து நிறைந்து வெளியே பிதுங்கும்வரை பனலை அழுத்திச் சேர்த்து, அது இறுகிய பின் நார்வலை ஒட்டிப் பூசி, வெளிப்புறத்தில் நெகிழும் தன்மையுள்ள அடைப்புப்பசை இட்டிருந்தால் இந்தக் கோடுகள் வந்திரா. இரும்புத் தகடு வைத்து உருக்கி ஒட்டிய இணைப்பென்றால் உப்புக்காற்று இன்னொரு எதிரி. துத்தநாகம் பூசாத தகடு துருவேறிப் பருக்கும்போது சுற்றியுள்ள கொங்கிறீற்றையே பிளந்துவிடும்.

இணைப்பில் காட்டும் அலட்சியம் உயிரையும் பறிக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று லண்டனின் ரோனன் பொயின்ற் கட்டடம். கொங்கிறீற் பலகைகளால் எழுப்பிய 22 மாடிகள் கொண்ட அந்தக் குடியிருப்பில், 1968 மே 16 அன்று 18ஆம் மாடியில் நிகழ்ந்த எரிவாயு வெடிப்பினால் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்து நால்வர் இறந்தார்கள். 1986இல் அதைப் பிரித்தபோது, சாந்து நிறைந்திருக்க வேண்டிய சில இணைப்புகளில் பத்திரிகைத் தாள்கள் திணிக்கப்பட்டிருந்தன.

நம்முடைய வீடுகள் ஒரு மாடிதானே என்று இதை ஒதுக்க முடியாது, ஏனெனில் இங்கே காற்று இருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் கூரைகள் பறந்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அதன் பின் 1980இல் பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்காக வந்த வடிவமைப்புக் கையேடு கிழக்குக் கரையை முதலாம் காற்று வலயத்தில் சேர்த்து, சாதாரண கட்டடங்களுக்கு செக்கனுக்கு 49 மீற்றர் வேகத்தைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. அந்த வேகத்தில் வரும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்குச் சமம். கூரையின் ஓரங்களில் அது மேல்நோக்கிய இழுப்பாக மாறும்போது, சதுர மீற்றருக்கு ஐந்து கிலோகிராம்கூட வராத தகரத்தின் எடை ஒரு பொருட்டே அல்ல. கல்வீட்டில் சுவரின் பாரமாவது ஓரளவு பிடித்துக்கொள்ளும். இலேசான பனல் வீட்டில் அந்தப் பாரமும் இல்லை. ஆகையால் கூரைமரத்திலிருந்து, சுவர்களின் உச்சியைச் சுற்றி ஓடும் வளையத்துக்கும், அங்கிருந்து தூண்கள் வழியாக அத்திவாரத்துக்கும் கம்பி அறாமல் இறங்க வேண்டும். தரைக் கொங்கிறீற்றின்மேல் பனலை வெறுமனே நிறுத்தி அடிப்பக்கம் சாந்து பூசிய வீட்டை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

குசினியையும் மறக்கக் கூடாது. வடக்கு கிழக்கில், இதேபோல் தொழிற்சாலையில் செய்து பூட்டும் 65,000 உருக்கு வீடுகளைக் கட்டித்தர 2016இல் அரசு முன்வைத்த திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 21 இலட்சம் ரூபா வரை மதிப்பிடப்பட்டது. இந்திய அரசின் உதவியோடு நடந்த வீடமைப்புத் திட்டத்தில் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது 550,000 ரூபா. வெப்பம், விறகடுப்புக்கு வசதியின்மை, பின்னர் ஓர் அறை சேர்க்க முடியாமை, ஊர் மேசன்மாருக்கு வேலை கிடைக்காமை ஆகிய காரணங்களால் உருக்கு வீட்டுத் திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ரிஜிபோம் 100 பாகை செல்சியசை நெருங்கும்போதே இளகத் தொடங்கும் என்பதால், விறகடுப்பு வைக்கும் சுவரை மட்டுமாவது செங்கல்லில் கட்டி, புகைபோக்கி வையுங்கள்.

மகள் திருமணமானால் ஓர் அறை கூட்டுவது நம்மிடையே வழக்கம். எந்தச் சுவரில் பின்னர் வாசல் வெட்டலாம், எந்தப் பனல் கூரையைத் தாங்குகிறது என்பதைக் குறித்த வரைபடத்தைக் கடைசிக் கொடுப்பனவுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். நகர எல்லைக்குள் மாநகர சபையின் கட்டட அனுமதிக்கும் வரைபடம் வேண்டும் என்பதால், அதைத் தயாரிப்பது விற்பனையாளருக்குப் புதிய சுமை அல்ல.