தீர்மானம் எழுதும் முன் தெருவுக்குப் போவோம்

ஊராட்சிப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் இருப்பதால், கிராம சபைக் கூட்டங்களில் ஓரமாக அமர்ந்து கவனிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரையும் இந்தச் சபையின் உறுப்பினராக்கியது. தமிழ்நாட்டில் முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆறு முறை கூடுகிறது. கூட்டங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் பல இடங்களில் கூட்டப்பொருள் வாசிக்கப்படுவதும், கையெழுத்து வாங்கப்படுவதும், முன்பே எழுதிவைத்த தீர்மானம் நிறைவேறியதாக அறிவிக்கப்படுவதும் அப்படியேதான் இருக்கின்றன.

ஓர் ஊராட்சியில் கடைசித் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை என்பதால், புதிய ஆழ்துளைக் கிணறு கேட்டுத் தீர்மானம் தயாராக இருந்தது. கூட்டத்துக்கு முந்தைய வாரம், தலைவரும் நானும் ஒரு மாலையில் அந்தத் தெருத் திண்ணையில் உட்கார்ந்து, எந்த வாக்குறுதியும் தராமல், அங்கிருந்த பெண்கள் சொன்னதை மட்டும் குறித்துக்கொண்டோம். தண்ணீர் வரத்தான் செய்கிறது, ஆனால் நூறு நாள் வேலைக்கு அவர்கள் போயிருக்கும் நேரத்தில் வால்வு திறக்கப்படுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. சபையில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டபோது, "எங்களை யாரும் கேக்கலையே" என்றார் ஒரு மூதாட்டி. கூட்டமும் எப்போதும் ஊரின் மறுகோடியில், அந்தத் தெருவினர் தயங்கித் தயங்கி நிற்கும் இடத்திலேயே நடந்துவந்திருக்கிறது. சுழற்சி முறையில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் கூட்டம் நடத்த வேண்டும் என்ற அறிவுறுத்தல், சாதியால் பிரிந்து கிடக்கும் ஊர்களில் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நான் அங்கேதான் முழுமையாக உணர்ந்தேன்.

கூட்டம் செல்ல இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையான குறைவெண் வரம்பை எட்டுவது சட்டத்தின் தேவை. அதை ஆள் சேர்த்தும் எட்டிவிடலாம். தெருத் தெருவாகக் கேட்பதற்கு நிதி ஒதுக்கீடோ அரசாணையோ வேண்டியதில்லை, நான்கைந்து மாலைகள் போதும். கூட்டம் தொடங்கியதும் முந்தைய தீர்மானங்கள் என்ன ஆயின, நிறைவேறாதவை ஏன் நிறைவேறவில்லை என்று முதலில் வாசிக்குமாறும் பயிற்சிகளில் வலியுறுத்துகிறேன், ஏனெனில் சொன்னதற்குப் பதில் கிடைக்காத இடத்தில் யாரும் இரண்டாம் முறை வாய் திறப்பதில்லை.

அந்த ஊராட்சியில் வால்வு திறக்கும் நேரம் மாலைக்கு மாற்றப்பட்டது. அடுத்த சபையில் அதே மூதாட்டி, யாரும் அழைக்காமலே எழுந்து, தெருவிளக்கைப் பற்றிக் கேட்டார்.