நோய்க் கண்காணிப்பு

'நோய்க் கண்காணிப்பு' என்று நாம் தமிழாக்கும் 'சர்வெய்லன்ஸ்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பிரெஞ்சு மொழியில் 'சூர்' என்றால் மேல். 'வெய்யே' என்றால் கண்விழித்திருத்தல். இரண்டும் சேர்ந்து பிறந்த 'சர்வெய்லன்ஸ்', 1793இல் புரட்சிக் காலப் பிரான்சில் ஊர்தோறும் அமைந்த குழுக்களின் பெயரோடு பரவி ஆங்கிலத்துக்கும் போனது. சந்தேகத்துக்குரிய ஆளின் மேல் வைத்த கண் என்பதே அன்றைய பொருள். மருத்துவத்திலும் அப்படித்தான் தொடங்கியது: பெரியம்மை கண்டவரோடு பழகியவருக்கு அறிகுறி தோன்றுகிறதா என்று நாள்தோறும் பார்ப்பார்கள். 1950களில் அமெரிக்கத் தொற்றுநோயியலாளர் அலெக்சாண்டர் லாங்முயர் அந்தக் கண்ணை ஆளிடமிருந்து நோயின் பக்கம் திருப்பினார். நோயாளர் எண்ணிக்கையைத் தொடர்ந்து திரட்டுவது, ஆராய்வது, நடவடிக்கை எடுக்க வேண்டியவருக்கு உடனே தெரிவிப்பது என்று பொருள் மாறியது.

தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மேற்பார்வை' வரும். அது ஊழியர் வேலையைப் பார்ப்பதற்கு உரியது. 'அவதானிப்பு' பார்ப்பதோடு நின்றுவிடும். 'கண்காணி' பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பு இப்பெயரால் வருகிறது. தேயிலைத் தோட்டத்துக் 'கங்காணி'யும் இதன் திரிபே. ஆகவே 'கண்காணிப்பு' பொருத்தம்தான், ஆனால் முன்னால் 'நோய்' கட்டாயம் வேண்டும். போர்க்காலச் சோதனைச் சாவடிகளோடு பல ஆண்டு வாழ்ந்த இலங்கையின் திருகோணமலையில் வெறும் 'கண்காணிப்பு' என்றால் ஆளைக் கண்காணிப்பது என்றே காதில் விழும்.

தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற இந்த அச்சத்தின் விளைவை நோய் அறிவிக்கும் படிவத்திலேயே காணலாம். டெங்கு, எலிக்காய்ச்சல் போன்ற அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகம் வந்ததும் மருத்துவர் 544ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அங்கே பதிவானபின் பொதுச் சுகாதார பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரித்து 411ஆம் படிவத்தை எழுதுவார். வாராந்தத் தொகுப்பு 399ஆம் படிவத்தில் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். மூதூரிலிருந்து வந்து திருகோணமலை நகர ஆஸ்பத்திரியில் படுத்தவர், தங்கியிருக்கும் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தால் புகை அடிப்பது நகரில். நுளம்பு பெருகுவது மூதூரில். வாசலில் வந்து நிற்கும் பரிசோதகர் நோயை அல்ல, தன்னையே விசாரிக்க வந்தவர் என்று அஞ்சுபவர் முகவரியையே மாற்றிச் சொல்லவும் கூடும். டெங்கு நோயாளியின் இரத்தத்திலிருந்து காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஐந்து நாள் வரை நுளம்புக்குக் கிருமி தொற்றலாம். அறிவித்தல் ஒரு வாரம் பிந்தினால் அந்த நாட்கள் கடந்துவிடும்.

துண்டுப்பிரசுரங்களில் வரும் 'குளிர்கால நோய்கள்' நம் ஊருக்கு ஒட்டாத மொழிபெயர்ப்பு. இங்கே ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை; 'மாரிகால நோய்கள்' என்பதே சரி. இன்புளுவன்சா இலங்கையில் ஆண்டின் நடுப்பகுதியிலும் ஆண்டு இறுதியை ஒட்டியும் கூடுகிறது. 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், இருமல், கடந்த 10 நாளுக்குள் தொடக்கம்: உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி இது 'இன்புளுவன்சா போன்ற நோய்'. தம்பலகாமத்து வயல்களில் பெரும்போகச் சேற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் அபாயம். ஆபத்து கூடிய விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து 200 மில்லிகிராம், வாரம் ஒருமுறை, சுகாதார அதிகாரியின் ஆலோசனைப்படி கொடுப்பது வழக்கம்.

மழை நின்றதும் எண்ணுவதை நிறுத்தக் கூடாது. 2017இல் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைப் பறித்தது மார்ச் மாதத்தில்.

இன்னொரு சொல்லும் இங்கே தேவை: 'இன்மை அறிக்கை'. நோயாளர் எவரும் இல்லாத வாரத்திலும் 0 என்று எழுதி அனுப்ப வேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால், நோய் இல்லையா, அறிக்கைதான் வரவில்லையா என்று பெறுபவரால் பிரித்தறிய முடியாது.