முன்குறித்தல் என்றால் விதியா?

"எவர்களை முன்குறித்தாரோ அவர்களை அழைத்துமிருக்கிறார்" என்ற வேதாகம வசனம் (ரோமர் 8:30) திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்குப் பழகினது. பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்கள் அதைப் பலமுறை கேட்டிருப்பார்கள். 'முன்குறித்தல்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "விதின்னு சொல்றோம்லா, அதுதான்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இந்தப் பதில் தவறு, அதனால் கெடுதலும் உண்டு. அதனால்தான் இந்த விளக்கம்.

மூலச்சொல் கிரேக்கம்: புரோஒரீட்சோ. 'புரோ' என்றால் முன்னே. 'ஒரீட்சோ' என்றால் எல்லை குறித்தல், வரையறுத்தல். புதிய ஏற்பாட்டில் இந்த வினை வருவது 6 இடங்களில் மட்டும். அதில் 5 அப்போஸ்தலன் பவுலின் நிருபங்களில் (கடிதங்களில்), ஒன்று அப்போஸ்தலர் நடபடிகளில். லத்தீனில் இது 'பிரெதெஸ்தினாசியோ' ஆனது. ஐரோப்பிய மொழிகளில் நடந்த சண்டை எல்லாம் இந்த லத்தீன் சொல்லை வைத்துத்தான்.

தமிழில் 'முன்' கூட்டிக் 'குறித்தல்' என்று வைத்தவர்கள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். நாம் நாள் குறிக்கிறோம், முகூர்த்தம் குறிக்கிறோம். கல்யாணத்துக்கு நாள் குறித்தால் குறித்தவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது, அவர் மனதில் மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கிறார்கள். இந்த மூன்றும் பவுலின் சொல்லிலும் உண்டு. ஒரே ஒரு இடைஞ்சல், 'குறி' என்றதும் குற்றாலத்துக் குறத்தி கை பார்த்துச் சொல்லும் குறியும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வந்துவிடும். குறி சொல்லுதல் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வது. முன்குறித்தல் ஒருவர் தாமே செய்யப்போவதைத் தீர்மானிப்பது. வேர் ஒன்றானாலும் வேலை வேறு.

இனி விதிக்கு வருவோம். விதி, ஊழ், தலையெழுத்து மூன்றும் பேச்சில் ஒன்றாகப் புழங்குகின்றன. வள்ளுவர் "ஊழிற் பெருவலி யாவுள" என்று 380ஆம் குறளில் கேட்டுவிட்டு, 620இல் ஊழையும் புறங்காண்பார் உண்டு என்கிறார். அதாவது இந்த விவாதம் தமிழுக்குப் புதிது இல்லை. ஆனால் ஊழுக்கு முகம் கிடையாது. அது வினையின் பயன், முன்பு செய்தது திரும்பி வருகிறது. பவுல் சொல்வது நேர் எதிர். மனிதன் செய்த எதையும் கணக்கில் எடுக்காமல், "தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படியே" என்கிறார் (எபேசியர் 1:5). அங்கே முகம் இருக்கிறது, அன்பு இருக்கிறது. எதற்காக முன்குறித்தார் என்பதையும் வசனமே சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பதற்கு, சுவிகாரபுத்திரராகும்படிக்கு, அதாவது தத்துப்பிள்ளைகளாகும்படிக்கு. யாருக்கு எந்த வயதில் என்ன வியாதி வரும், எந்த பஸ் எங்கே கவிழும் என்ற பேச்சு அந்த வசனங்களில் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், துக்க வீட்டில் இந்தச் சொல் படுத்தும் பாடு அப்படி. பைக்கில் போன பையன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரோரம் பாயில் தாய் உட்கார்ந்திருக்கிறாள். சொந்தக்காரர் ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் ஆண்டவர் முன்குறிச்சது தாயி, நாம என்ன செய்ய முடியும்" என்கிறார். அவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். அவள் காதில் விழுவது, என் பிள்ளையை லாரிக்குக் குறித்துக் கொடுத்தவர் கடவுள் என்பது. பவுலின் சொல் அதற்கு ஏற்பட்டதே இல்லை. நடப்பது அனைத்தையும் கடவுள் ஆளுகிறார் என்பதற்கு இறையியலில் 'தெய்வ பராமரிப்பு' என்று தனிச்சொல் உண்டு. அங்கேயும் கடினமான கேள்விகள் இருக்கின்றன, ஆனால் அவை வேறு கேள்விகள்.

இரட்சிப்பில் முந்துவது கடவுளின் தெரிவா, மனிதனின் முடிவா என்ற விவாதத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 5ஆம் நூற்றாண்டில், மனிதன் தன் முயற்சியால் நன்மை செய்யக்கூடியவன் என்றார் பெலாஜியஸ். கடவுள் இலவசமாகத் தரும் தயவாகிய கிருபை முந்தாமல் மனம் திரும்பவே திரும்பாது என்றார் அகுஸ்தீன். 418இல் கார்த்தேஜில் கூடிய திருச்சபைச் சங்கம் அகுஸ்தீன் பக்கம் நின்றது. சீர்திருத்தவாதி லூத்தரும் அறிஞர் எராஸ்முஸும் 1524, 1525இல் இதையே எழுதி மோதினார்கள். கடவுளின் தெரிவே முந்தும் என்ற பக்கத்தைக் கால்வின் இன்னும் கூர்மையாக்கினார். ஹாலந்தில் அர்மினியஸின் சீடர்கள், விசுவாசிப்பார்கள் என்று முன்னறிந்தவர்களையே கடவுள் தெரிந்தெடுத்தார் என்று 1610இல் 5 கூற்றுகள் எழுதிக் கொடுத்தார்கள். 1618-19இல் டோர்ட் நகரில் கூடிய சங்கம் அதைத் தள்ளியது. கத்தோலிக்கரிலும் துறவற சபைகளான தொமினிக்கன் சபைக்கும் சேசு சபைக்கும் இதே வழக்கு ரோமில் நடந்தது. 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் தீர்ப்புச் சொல்லாமலே அதை முடித்துவைத்தார். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரசங்கிகள் வெஸ்லியும் விட்பீல்டும் நண்பர்களாக இருந்தே இதில் பிரிந்தார்கள்.

நம் சீமைக்கு இது ஆங்கிலத் திருச்சபை வழியாக வந்தது. அதன் 39 கொள்கைக் கூற்றுகளில் 17ஆவது கூற்று முன்குறித்தலைப் பற்றியது. ஜீவனுக்கென்று முன்குறித்தலை மட்டுமே அது பேசுகிறது, அழிவுக்கென்று முன்குறித்தலைப் பற்றி வாய் திறக்கவில்லை. பக்தியுள்ளவர்களுக்கு இந்த உபதேசம் சொல்லிமுடியாத ஆறுதல், வெறும் ஆவலால் துருவுகிறவர்களுக்கு ஆபத்து என்றும் எச்சரிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நிதானம் இது. இங்கே பெரிய பிளவு வந்தபோதுகூடக் காரணம் இந்தக் கொள்கையாக இருக்கவில்லை. 1835இல் மிஷனெரி ரேனியஸ் பிரிந்தது குருப்பட்டம், ஆங்கிலத் திருச்சபை ஒழுங்குகள் பற்றிய தகராறில். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது கால்வின் வழிவந்த பிரஸ்பிட்டேரியனும் வெஸ்லி வழிவந்த மெதடிஸ்டும் ஒரே சபைக்குள் வந்துவிட்டார்கள்.

இதற்கு இணையான ஒரு வழக்கு இதே சீமையில் வைணவத்தில் இருந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல மனிதன் கடவுளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற மர்க்கட நியாயம் வடகலை. தாய்ப்பூனையே குட்டியைக் கவ்விச் செல்வதுபோலக் கடவுளே தூக்கிக்கொள்வார் என்ற மார்ஜார நியாயம் தென்கலை. நாங்குநேரி வானமாமலை மடம் தென்கலை மடம். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்று, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தை வெளியிட்டார். அதற்கு மூலம் தந்த ஆங்கில எழுத்தாளர் பனியன் கால்வின் வழிப்பட்டவர். கிருபையே முந்தும் என்ற பேச்சு கிருஷ்ண பிள்ளையின் காதுக்கு அந்நியமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்த வைணவ வழக்கு கிருபை எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பற்றியது, உலகத்தோற்றத்துக்கு முன் யாரைத் தெரிந்தெடுத்தார் என்பது அதில் கேள்வியே இல்லை.

தெரிந்தெடுத்தல் என்றதும் இன்னொரு சிக்கல். பழைய வேதாகமத்தில் 'தெரிந்துகொண்டார்' என்றால் தேர்ந்தெடுத்தார் என்று பொருள். "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" (யோவான் 15:16). இன்று தெரிந்துகொள்வது என்றால் அறிந்துகொள்வது. இன்றைய பிள்ளைகள் எபேசியர் 1:4ஐ வாசித்தால், கடவுள் நம்மை முன்பே அறிந்திருந்தார் என்றுதான் புரிந்துகொள்வார்கள். டோர்ட்டில் சண்டை போட்டதே அறிந்தாரா தேர்ந்தாரா என்பதற்காக! அதனால் வேதபாடம் எடுப்பவர்கள் 'தேர்ந்துகொண்டார்' என்று சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

சரி, மனிதன் தானே தேர்ந்து முடிவெடுக்கிறான் என்ற எதிர்ப்பக்கத்துக்கு என்ன சொல்? 'சுயசித்தம்' என்று சிலர் எழுதுகிறார்கள். சபை வழக்கில் சுயசித்தம் என்றால் கீழ்ப்படியாமை, பிரசங்கத்தில் அதைத் திட்டத்தான் செய்வார்கள். 'சுதந்திர சித்தம்' இன்னும் குழப்பம். பழைய வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் வாரிசுரிமை, சுதந்தரவாளி என்றால் வாரிசு. விடுதலைப் பொருளுக்கு அங்கே உள்ள சொல் சுயாதீனம்: "கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே" (கலாத்தியர் 5:1). ஆகவே கொள்கையின் பெயராக 'சுயாதீன சித்தம்' என்றும், எளிதாகப் பேசும்போது 'மனப்பூர்வமான தெரிவு' என்றும் சொல்லலாம். இரண்டாவதற்குப் பிலேமோன் நிருபமே ஆதாரம்: "கட்டாயத்தினாலல்ல, மனப்பூர்வமாய்". பிலேமோனின் அடிமையாகிய ஒநேசிமுவைப் பவுல் அவரிடமே அனுப்பிவைத்துவிட்டு, பிலேமோனின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறார். முன்குறித்தலைப் பற்றி ரோமருக்கு எழுதிய அதே பவுல்தான் இதையும் எழுதினார்.